முதல் நடை

காலை ஐந்தே முக்காலுக்கு சைசிங் மில்லின் இரும்புக் கதவு திறக்கும்.

காஞ்சனா பத்து நிமிடம் முன்னாலேயே வந்து நிற்பாள். கையில் கட்டை இருக்கும். புளியமரத்தில் செதுக்கிய ஆப்பு, அதற்கு முழங்கை நீளத்தில் ஒரு பிடி. தேர்ச் சக்கரத்துக்குக் கொடுக்கிற முட்டுக்கட்டை போலத்தான், சிறியது.

மில் மேட்டின் மேல் இருந்தது. கஞ்சி ஏற்றிக் காயவைத்த பாவு நூலை அங்கே இரும்பு உருளைகளில் சுற்றித் தருவார்கள். பீம் என்பார்கள். ஒரு பீம் ஓர் ஆளைவிடக் கனம். அதை வாங்கி ஓட்டும் விசைத்தறிகள் கீழே, ஏரிக்கரைத் தெருவில். நடுவில் முந்நூறு அடி இறக்கம். லாரி நுழையாத குறுகல். புருஷோத்தமன் கைவண்டியின் முன்சட்டத்தை முதுகில் வாங்கிக்கொண்டு, பாரத்தைத் தாங்கித் தாங்கி இறங்குவான். அவன் மனைவி காஞ்சனா சக்கரத்தோடு நடப்பாள். வண்டி மீறும்போது சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுப்பாள். சக்கரம் அதில் முட்டி, உரசி, அடங்கும். எடுப்பாள். மறுபடி கொடுப்பாள்.

கல்யாணமாகி எட்டாம் நாள் பிடித்த கட்டை. இருபது வருடம் ஆயிற்று.

இந்த இருபது வருடத்தில் அவள் பிடிவாதம் பிடித்தது ஒரே விஷயத்தில். மகள் அகிலா அந்த மேட்டில் கால் வைக்கக் கூடாது. சோற்றுத் தூக்கு கொண்டுவரக்கூட வரக் கூடாது. "வந்தா ஒரு கை புடிம்பாங்க. புடிச்சா வுடமாட்டாங்க," என்பாள். அகிலா திருப்பதியில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, கடைசி வருடம். ஏழரைக்கு ஏகாம்பரக்குப்பத்தில் ரயில் ஏறுவாள். ஸ்டேஷனுக்கு மேட்டுப்பாதைதான் குறுக்கு. அவள் நகரி கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள்.

வைகாசியில் மில் முதலாளி விஜயராகவன் ஒரு பேட்டரி வண்டி வாங்கிவந்தார். பெரிய புல்மைதானங்களில் கோல்ஃப் பந்தடிக்கிறவர்கள் ஏறிப்போகிற வண்டி. திருப்பதிப் பக்கம் மூடிப்போன ஒரு ரிசார்ட்டில் விருந்தாளிகளை அறை வாசலில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. மேலே கூரை, நாலு சீட்டு, முன்பக்கம் லேசாக நெளிந்திருந்தது.

"இது இனிமே பீம் இஸ்க்கும்," என்றார்.

புருஷோத்தமன் ஒரு சுற்று சுற்றிவந்தான். "மனுசாள ஏத்திக்கினு போறது மொதலாளி. பாரம் இஸ்க்குமா?"

"இஸ்க்க வை. வச்சிட்டேன்னா நீதான் டிரைவரு. உன்னால ஆவலன்னா சொல்லு, பாபு வைப்பான்."

பாபு கீழ்த்தெருவில் இன்னொரு கைவண்டிக்காரன். அவனும் அவன் பெண்டாட்டியும் மூன்று மாதமாக மில் வாசலிலேயே வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்க ஒரு டிரெய்லர் வேண்டும். முதலாளி அதற்கு யோசிக்கவே இல்லை.

"உன் கைவண்டி கீதே," என்றார்.

அன்று சாயங்காலமே வெல்டிங் கடையில் அதன் முன்சட்டத்தை அறுத்தார்கள். காஞ்சனா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"அறுத்துட்டா அப்பால நம்ம கையில ஒண்ணும் இருக்காதுய்யா."

"அதான் பேட்டரி வண்டி கீதே."

"அது உன்துதா?"

அவன் கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் வெல்டிங் பொறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் கொக்கியைப் பின்பக்க பம்பரில் பற்றவைத்தார்கள். இரண்டு பீம் ஏற்றி இழுத்ததும் பம்பர் தனியாகக் கழன்று வந்தது. பிறகு புருஷோத்தமன் அடிச்சட்டத்துக்குக் குறுக்கே பட்டை இரும்பு கொடுத்துக் கொக்கியை அதில் போட்டான். பின்சீட்டைக் கழற்றினான். பின்சக்கரத்து ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடச் சேர்த்தான். வண்டி இறங்கியது. காலி பீம்களோடு ஏறும்போது பாதி மேட்டில் நின்றுவிட்டது. காஞ்சனா சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னா காஞ்சனா, கார்ல போறேன்னு சொன்னாங்க. நடந்துக்கினு கீறே?" என்று கேட்டாள் குழாயடியில் ஒருத்தி.

"காருக்கு நான்தான் பிரேக்கு."

வண்டி ரிப்பேரில் நின்ற நாட்களிலும் பாவு இறங்கியாக வேண்டும். கைவண்டி இல்லை. டிரெய்லரில் கயிறு கட்டி இரண்டு பேருமாகத் தாங்கி இறக்கினார்கள். அவள் தோளில் கயிறு பதிந்த இடம் கன்றிப்போய், ஜாக்கெட் பட்டால் எரிந்தது. அகிலா தேங்காய் எண்ணெய் தடவினாள். "நான் ஒரு கை குடுத்தா இன்னாம்மா?" என்று கேட்டாள். காஞ்சனா எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

திருப்பதியில் இந்த வண்டிகளுக்கே வேலை பார்க்கிற சாய்குமார் போனில் சொல்லச் சொல்ல புருஷோத்தமன் செய்தான்.

"அண்ணா, ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியா மீட்டர் வச்சி பாருங்க. பாரம் இழுக்கும்போது பாக்கணும், நிக்கும்போது இல்ல."

"அஞ்சு நிக்குது. ஆறாவது விழுந்துடுது."

"அது போயிடிச்சி. ஒண்ணு போனா ஆறும் மாத்தணும். தண்ணி ஏது ஊத்துறீங்க?"

"கேன் தண்ணி. மினரலு."

சாய்குமார் சிரித்தான். "மினரல் நீங்க குடிங்கண்ணா. அதுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க."

ஆறும் மாறின. பழைய கேபிள் கை வைத்தால் சுட்டது. கட்டைவிரல் தடிமனில் புதியது போட்டான். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடுகிற கன்ட்ரோலரும் பெரியதாக வந்தது. அப்படியும் மோட்டார் கருகல் வாசனை அடித்தது. கழற்றிப் பார்த்தால், காற்றுப் போகிற துளை எல்லாம் மில்லின் பஞ்சு மெத்தைபோல் அடைந்திருந்தது. துடைப்பக்குச்சியால் குத்திக் குத்தி எடுத்தான். ஒரு கூடைக்கு வந்தது. ஆனி நடுவில் ஒரு நாள் ஆறு காலி பீமோடு வண்டி மூச்சு வாங்காமல் மேடு ஏறியது.

"டிரெய்லருக்கு ஒரு பிரேக்கு வேணும் மொதலாளி," என்றான் புருஷோத்தமன். "வண்டிக்குப் பின்சக்கரத்துல மட்டும்தான் கீது. ஆறு பாவு பின்னால தள்ளினா நிக்காது."

"உன் பொண்டாட்டி கீறாளே."

"நடக்கற வேகத்துக்குக் கட்டை சரி. இது ஓடும்."

"அவளும் ஓடட்டும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காஞ்சனாவும் சிரித்தாள். முதலாளி சிரிக்கச் சொன்னால் சிரிப்பதும் அங்கே வேலையில் சேர்த்தி.

ஆனால் அவள் ஓட வேண்டியிருக்கவில்லை. இறக்கத்தில் புருஷோத்தமன் காலை எடுத்தால் போதும், மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்தது. ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கியது. அவள் கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். பதினைந்து நாள் அப்படிப் போயிற்று. அந்தப் பதினைந்து நாளும் அவள் ராத்திரி இடுப்புக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்ளவில்லை.

ஆடி பிறந்தது. காற்று மேட்டின் மண்ணை வாரித் தெருவில் இறைத்தது. ஒரு நாள் முதல் நடையில் வண்டி பிடிக்கவில்லை. மோட்டார் திடீரென்று கையை விட்டுவிட்ட மாதிரி வண்டி பாய்ந்தது. காஞ்சனா ஓடிக் கட்டை கொடுத்தாள். பாதி பாரம்தான், நின்றது. அடுத்த நடையில் ஒரு கோளாறும் இல்லை. அன்று முழுக்க இல்லை. மறுநாள் முதல் நடையில் மறுபடி.

பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்கள். சாய்குமார் வீடியோவில் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் கீதுண்ணா," என்றான்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணு," என்றார் முதலாளி. "திங்கக்கெழம சாவி உங்கிட்ட இருக்கணுமா பாபுகிட்ட இருக்கணுமான்னு நீயே பாத்துக்க."

சனிக்கிழமை மத்தியானம் புருஷோத்தமன் களியைத் தட்டில் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். கீரை ஆறிப்போயிற்று.

"துன்னுய்யா."

"மொத நடையில மட்டும் ஏன்? அப்பால ஏன் இல்ல? அதான் புரியலமே."

காஞ்சனா மகளைப் பார்த்தாள். அகிலா லீவு நாளில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். காஞ்சனா தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள், வைத்தாள்.

"நாளைக்கு மில்லு மூடி. யாரும் இருக்கமாட்டாங்க," என்றாள். "நீ வந்து ஒருவாட்டி பாரு."

அகிலா மடித்த துணியோடு திரும்பினாள். "நானா? மேட்டுக்கா?"

"ஒருவாட்டி."

ஞாயிற்றுக்கிழமை அகிலா மீட்டரோடு வந்தாள். வண்டியின் சீட்டைத் தூக்கி அரைமணி நேரம் உள்ளே பார்த்தாள். தகப்பனை டிரெய்லர் கட்டாமல் இறங்கச் சொன்னாள், ஏறச் சொன்னாள். சார்ஜ் போட்டுப் பச்சை விளக்கு எரியும்வரை காத்திருந்து மறுபடி இறங்கச் சொன்னாள்.

"நைனா, எறங்கும்போது மோட்டாரு டைனமோ மாதிரி ஆயிடுது. அது பண்ற கரண்டு பேட்டரிக்குத் திரும்பிப் போவுது. அப்படிப் போறதாலதான் வண்டி புடிக்குது. ராத்திரி முழுக்க சார்ஜ்ல இருந்தா பேட்டரி ரொம்பிடுது. ரொம்பினா வாங்காது. வோல்ட் ஏறும். கன்ட்ரோலர் கைய வுட்டுடும்."

"வயிறு முட்டத் துன்னவன் மாரி."

"ஆங். பச்சை எரியற வரைக்கும் போடாத. மஞ்சள்ல இருக்கும்போதே புடுங்கிடு. தவறிப்போய்ப் பச்சை எரிஞ்சிச்சின்னா, பாரத்தோட மில்லு வாசல்லயே கால்மணி நேரம் சுத்து. அப்பால எறங்கு."

"கால்மணி சுத்தணுமா?"

"சுத்தாம எறங்காத நைனா."

காஞ்சனாவுக்கு டைனமோ புரியவில்லை. மகள் பேசுகிற வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. விஜயராகவனின் வீடு மில்லுக்குப் பின்புறம். லுங்கியோடு வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"உன் பொண்ணா? இவ்ளோ நாளு எங்கய்யா ஒளிச்சி வச்சிருந்தே?"

"படிக்கிறா மொதலாளி," என்றாள் காஞ்சனா. மகளுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "கெளம்பிட்டா."

"இருக்கட்டும். அரை வயித்தோட வண்டி எப்படிம்மா நாளெல்லாம் ஓடும்?"

"ஓடும் சார்," என்றாள் அகிலா. "மத்தியானம் ஒருவாட்டி போட்டுக்கலாம்."

"கெட்டிக்காரிதான்." அவர் அகிலாவைத் தலையிலிருந்து கால்வரை, புது பீம் வந்து இறங்கினால் பார்ப்பதுபோல் பார்த்தார். காஞ்சனா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நாலு நாள் வண்டி சொன்னபடி கேட்டது.

வியாழக்கிழமை கரண்ட் ஆபீசில் அறிவித்தார்கள். லைன் வேலை, மறுநாள் முழுக்க மின்சாரம் இருக்காது.

மறுநாள் ஆடி இரண்டாம் வெள்ளி. வெள்ளிக்கிழமை முதல் பாவுக்கு அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கதவில் கற்பூரம் காட்டுவார்கள். கற்பூரம் எரிந்த பிறகு பாவு புறப்பட்டால் தறியில் ஏறுகிறவரை நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது. நின்ற பாவு வாரமெல்லாம் அறுந்துகொண்டே இருக்கும் என்பார்கள். மழையிலும் நிற்கமாட்டார்கள். எதிரில் பிணம் வந்தாலும் ஒதுங்கி நடந்துகொண்டே இருப்பார்கள்.

கதவு திறந்தபோது ஆறு பீமும் ஏற்றியாகிவிட்டிருந்தது. புருஷோத்தமன் சார்ஜரைப் பிடுங்க உள்ளே போனான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் உள்ளே நின்றான். காஞ்சனா வெளியே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தாள். அவன் வந்து சீட்டில் உட்கார்ந்தபோது முதலாளியின் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"மொதலாளி," என்றான்.

"கெளம்பு, கெளம்பு. அணையப்போவுது."

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். நசுக்கிக்கொண்டு வண்டி புறப்பட்டது.

முப்பது அடி ஒழுங்காக இறங்கிற்று. அப்புறம் மோட்டாரின் இரைச்சல் நின்றது. காஞ்சனா அந்த அமைதியைக் கேட்டாள். புருஷோத்தமன் பிரேக்கில் ஏறி நிற்பது தெரிந்தது. பின்சக்கரங்கள் சுற்றாமலே வழுக்கின. டிரெய்லர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது.

அவள் ஓடினாள். சக்கரத்தோடு ஓடி, குனிந்து, கட்டையைக் கொடுத்தாள். சக்கரம் அதைத் துப்பிவிட்டது. மறுபடி கொடுத்தாள். இந்தத் தடவை சக்கரம் கட்டைமேல் ஏறி மறுபக்கம் இறங்கியது. இறங்கின இடத்தில் அவள் இடது கால் இருந்தது.

வண்டி கீழே ஒரு புதுவீட்டு வாசல் மணலில் போய்ப் புதைந்து நின்றது. இரண்டு பீம்கள் உருண்டு சாக்கடை ஓரத்தில் கிடந்தன. புருஷோத்தமன் நெற்றியில் ரத்தத்தோடு இறங்கி மேலே ஓடிவந்தான். தெருப் பெண்கள் அவளைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள். யாரோ முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். அவள் கால் அவளுடையது மாதிரி இல்லை. விரல்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

விஜயராகவன் மூச்சிரைக்க அவளைத் தாண்டி ஓடினார். சாக்கடை ஓரம் மண்டியிட்டு பீமைத் தடவினார்.

"பாவு நின்னுடிச்சிய்யா," என்றார். "நூலு எத்தினி அறுந்துச்சி பாரு."

ஆட்டோவில் புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். கட்டுக்காரர் எலும்பை இழுத்து நேர்ப்படுத்தும்போது புருஷோத்தமன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் சட்டையைக் கடித்துக்கொண்டாள். இலைச்சாறும் முட்டை வெள்ளையும் வைத்து, மூங்கில் பட்டை கொடுத்துக் கட்டினார். "நாப்பத்தஞ்சு நாள் கால் ஊனக் கூடாது. ஊனினா அப்பறம் எங்கிட்ட வராதே."

திரும்பி வரும்போது, ஆட்டோ புத்தூர் எல்லையைத் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"பச்ச எரிஞ்சிச்சா?"

புருஷோத்தமன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னத்தான் கேக்கறேன். சார்ஜர்ல பச்ச எரிஞ்சிச்சா?"

"கற்பூரம் ஏத்திட்டாங்கமே," என்றான்.

சாயங்காலம் விஜயராகவன் பிரெட்டும் வாழைப்பழமும் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா விரட்டியதால் கல்லூரிக்குப் போய் அப்போதுதான் திரும்பிய அகிலா, பையைக்கூடக் கழற்றாமல் தலைமாட்டில் நின்றிருந்தாள்.

"ரெண்டு அடி முன்னாலயே கட்டை குடுத்திருந்தா நின்னிருக்கும்," என்றார்.

"ராத்திரி சார்ஜரு போட்டது யாரு மொதலாளி?" என்று கேட்டாள் காஞ்சனா.

"நான்தான். இன்னிக்குப் பூரா கரண்டு இல்லியே, வண்டி எதுல ஓடும்?" அவர் குரலில் ஒளிவு ஒன்றும் இல்லை. "பச்ச எரிஞ்சா சுத்தணும்னு உங்க பொண்ணு சொல்லிட்டுத்தான போச்சி. நீங்க ஏன் சுத்தல?"

புருஷோத்தமன் காஞ்சனாவின் காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்தான்.

"நடந்தது நடந்துபோச்சி. வண்டிக்கு ஒண்ணும் ஆவல, முன்பக்கம் கொஞ்சம் நசுங்கிகினு கீது. நாளைக்கு ஆறு பாவு எறங்கணும். பாபு மத்தியானமே வந்துட்டான், ஜோடியா." அவர் ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து அகிலாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவரே உரித்தார். "நான் வேணான்னு சொல்லி அனுப்பிச்சேன். வண்டியோட வயிறு இந்தப் பொண்ணுக்குத் தெரியற மாரி அவனுக்குத் தெரியுமா?"

"அவ வரமாட்டா," என்றாள் காஞ்சனா.

"நான் காலேஜ நிறுத்தச் சொல்லலியே. அஞ்சே முக்காலுக்கு ஆரம்பிச்சா ஆறரைக்கு மொத நடை முடிஞ்சிடும். கையக் கழுவிக்கினு ஏழரை ரயிலு ஏறிடலாம். மத்த நடைக்கு ஆளப் பாத்துக்கலாம்."

"அவ வரமாட்டா மொதலாளி."

"நீ சொல்லுய்யா," என்று புருஷோத்தமன் பக்கம் திரும்பினார்.

புருஷோத்தமன் நெற்றிப் பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "நாப்பத்தஞ்சு நாளுதானமே," என்றான்.

"அந்தக் கைவண்டி இருந்திருந்தா நான் உன்ன இப்படிப் பேச வுட்டிருப்பேனாய்யா?" என்றாள் காஞ்சனா.

"இல்லியேமே. அத அறுத்தாச்சே."

முதலாளி பழத்தைத் தின்று முடித்துத் தோலை ஜன்னலில் வைத்தார். எழுந்தார். "காலையில கதவு தொறப்பேன். யாரு ஜோடியா நிக்கறாங்களோ அவங்ககிட்ட சாவி."

அவர் போன பிறகு புருஷோத்தமன் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு வெளியே போனான். தண்ணீர் வருகிற நேரம் இல்லை.

அகிலா பையைக் கழற்றினாள். காலையில் கட்டிய டிபன் டப்பாவை எடுத்து வெளியே வைத்தாள். சோறு அப்படியே இருந்தது. ஆட்டோக்காரன் மூலையில் போட்டுவிட்டுப் போன கட்டையை எடுத்தாள். ஆப்பின் முனை பிளந்திருந்தது. பிடியில் மண் காய்ந்திருந்தது. பாவாடையில் துடைத்தாள்.

"கீழ வை," என்றாள் காஞ்சனா.

அகிலா வைக்கவில்லை. கை மாற்றிக் கனம் பார்த்தாள். பிறகு அம்மாவின் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கட்டையைச் சிமெண்டுத் தரையில் வைத்து, கொஞ்சம் முன்னால் தள்ளிப் பார்த்தாள், கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்த்தாள்.

"சக்கரத்துக்கு எவ்ளோ முன்னால குடுக்கணும்மா?"